முதியோரின் ஞாபக சக்தியும் பள்ளிக்கூடமும்
(முதியோர் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வயசு போனா எல்லாம் மறந்துதான் போகும். அதுவும் நம்ம சனத்துக்கு மூளை அவ்வளவுதான்." லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இது சரியா என்று இன்று பார்ப்போம்.

ஞாபக சக்தியைப் பார்க்க ஆஸ்பத்திரியில் சோதனை வைப்பார்கள். 1975இல் அமெரிக்காவில் உருவான 30 புள்ளிச் சோதனை உலகமெங்கும் பரவியது. இன்றைக்கு என்ன திகதி, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வசனம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை என்றெல்லாம் அதில் வரும். பென்சிலே பிடிக்காத அப்பாயி எப்படிப் புள்ளி எடுப்பார்? அதே அப்பாயி, சீட்டுக் காசு யார் யார் பாக்கி என்று பேப்பர் இல்லாமலே சொல்வார்!

இன்று எழுபதைத் தாண்டியவர்களின் சிறு வயதில் தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் அஞ்சாம் வகுப்போடு சரி. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். பொம்பளைப் பிள்ளைகள் பலர் தம்பி தங்கையைப் பார்க்க லயத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின முதியோர், வெள்ளையரைப் போலவே அத்தனை வருடம் படித்திருந்தும், இப்படியான சோதனைகளில் குறைவாக எடுத்தார்கள். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவரவர் வாசிப்புத் திறனையும் சேர்த்துப் பார்த்தது. வித்தியாசம் பெருமளவு குறைந்துபோனது. குறை இனத்தில் இல்லை, கிடைத்த படிப்பில்தான்.

ஆனால் ஒன்று. சிறு வயதில் படிப்புக் குறைந்தால் முதுமையில் மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதும் உண்மை. பிரஷர், சீனி வியாதி, புகை, குடி, காது கேளாமை, தனிமை ஆகியவையும் அப்படியே. இவற்றைக் கவனித்தால் எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு அந்த நோயைத் தடுக்கலாம், தள்ளிப்போடலாம்.

ஆகவே கிளினிக்குக்குப் பெரியவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். எந்த வகுப்புவரை படித்தார் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். கேள்விகளைத் தமிழில் கேட்கச் சொல்லுங்கள். பழகிய பாதையில் வழி தவறுகிறாரா, நாளாந்தம் செய்த சமையலே தடுமாறுகிறதா? "படிக்காதவர்தானே" என்று விட்டுவிடாமல் உடனே காட்டுங்கள்.

பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இன்று நிறுத்தினால் அந்த நட்டம் அவர்களுக்கு எழுபது வயசானாலும் தீராது.