கணிப்பொறி கண் திறக்கவில்லை



எங்கள் மல்லசமுத்திரத்தை அறிந்தவர்கள் அதைப் பருத்தியோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் இங்கே நடத்தும் பருத்தி ஏலத்தின் விலை விவரங்களை நாளிதழ்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். விசைத்தறி ஓசையும், எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் பஞ்சுத் தூசியும் எங்களுக்குப் பழகிப்போனவை. அந்தத் தூசியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் அது மறுபடியும் தலைகாட்டும்.

என் தமையனார் சிறு விசைத்தறிக் கூடம் ஒன்று நடத்துகிறார். சனிக்கிழமைதோறும் கூலி கொடுக்கும் வழக்கம். எவர் எத்தனை மீட்டர் நெய்தார், எவருடைய முன்பணத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற கணக்கு முழுவதும் கூடத்து மேஜைக் கணிப்பொறியில் இருக்கிறது. துணி வடிவமைப்புப் பயிலும் அவர் மகன், அந்தப் பழைய பொறியை விரைவாக ஓடச் செய்ய எண்ணி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதன் பெட்டியைத் திறந்தான். ராம் என்னும் நினைவகப் பலகை ஒன்று, கிராபிக்ஸ் அட்டை ஒன்று, எஸ்.எஸ்.டி. என்னும் புதிய சேமிப்பு வட்டு ஒன்று ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பொருத்தினான். பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. திரை மட்டும் அமாவாசையாகவே இருந்தது.

பொழுது விடிந்தது. "சித்தப்பா, அப்பா வருவதற்குள் ஏதாவது செய்யுங்கள்" என்று பையன் என்னிடம் ஓடி வந்தான். தெரிந்த கடை ஒன்றைத் தொலைபேசியில் கேட்டோம். பொறியைப் பாராமலே, "தாய்ப்பலகை போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பணம் போவது ஒரு புறம் இருக்கட்டும். மாலையில் கூலிக்கு வந்து நிற்பவர்களுக்கு என்ன சொல்வது? முன்பணக் கணக்கை வாய்ச்சொல்லால் தீர்க்கப் புகுந்தால், நெடுநாள் நம்பிக்கை ஒரு நாளில் கசந்துபோகுமே!

அப்போது தறிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் உள்ளே வந்தார். கணிப்பொறியைத் தொட்டறியாதவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நேத்துச் சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சுங்களா?" என்றார். ஓடியது என்றோம். "அப்புறம் மூணையும் ஒண்ணா மாத்தினா எதுல கோளாறுன்னு எப்படித் தெரியுமுங்க? நேத்து இருந்தபடி வெச்சு முதல்ல ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டுங்க" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போனார்.

மூன்று மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் மூன்று பிழைகள் ஒன்றன் பின் ஒன்று ஒளிந்துகொள்ளக்கூடும். ஒன்றைத் திருத்தினாலும் மற்ற இரண்டும் திரையை இருட்டாகவே வைத்திருக்கும். திருத்தியது சரிதானா என்று நமக்கே ஐயம் வந்துவிடும்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிவதற்காகப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தோம். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புகளைக் கெடுத்துவிடும். ஆகவே பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம். புதிய உறுப்புகள் மூன்றையும் கழற்றினோம். பழைய ராம், பழைய வட்டு, தாய்ப்பலகையிலேயே உள்ள திரை இணைப்பு ஆகியவற்றோடு பொத்தானை அழுத்தினோம். எழுத்துகள் தோன்றின! தாய்ப்பலகை நலமாகவே இருந்தது. அடுத்த மாற்றத்துக்குப் போகுமுன் கூலிக் கணக்கைப் பென்டிரைவ் ஒன்றில் படியெடுத்துக்கொண்டோம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

பிறகு பொறியை நிறுத்தி, மின்கம்பியை எடுத்து, புதிய ராமை மட்டும் பொருத்தினோம். மறுபடியும் இருட்டு. கழற்றி விளக்கொளியில் பார்த்தால், இதுகாறும் காலியாக இருந்த அந்தப் பள்ளத்தில் பஞ்சு நூலாய்ப் படிந்திருந்தது! மெல்லிய தூரிகையால் அதை நீக்கி, ராமின் வெட்டுவாய் பள்ளத்தின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, ஓரப்பிடி 'கிளிக்' என்று விழும்வரை அழுத்தினோம். திரை விழித்தது. டி.டி.ஆர். 3 வகை ராமும் டி.டி.ஆர். 4 வகை ராமும் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று உட்காரா. வெட்டுவாய் இடம் மாறியிருக்கும். உட்கார மறுப்பதை வலிந்து அழுத்தக்கூடாது.

கணிப்பொறிக்குள் புகுந்த பொருளால் வேலை நின்றது எங்கள் ஊரில் மட்டுமன்று. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில், ஹார்வர்டு மார்க் 2 என்னும் பொறியின் ரிலே ஒன்றில் விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். எங்களுடையது வெறும் பஞ்சு. ஒட்டிவைக்கவில்லை.

அடுத்தது கிராபிக்ஸ் அட்டை. அதன் பள்ளம் 75 வாட் வரைதான் மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனிக் கம்பி கொடுக்க வேண்டும். பையன் அதைக் கொடுத்திருக்கவில்லை. திரையின் கம்பியும் தாய்ப்பலகையிலேயே மாட்டியிருந்தது. புதிய அட்டைக்கு அதை மாற்றினோம். பவர் சப்ளையின் வாட் அளவு போதுமா என்பதை அதன் மேலுள்ள சீட்டில் படித்துக்கொண்டோம்.

கடைசியாக எஸ்.எஸ்.டி.யை இணைத்தோம். இம்முறை திரை இருட்டவில்லை; இயங்குவதற்குரிய வட்டு எதுவும் இல்லை என்று எழுதிக் காட்டியது. புதிய வெற்று வட்டை முதலிடத்தில் வைத்து, பொறி அதிலேயே தேடியிருக்கிறது. பயாஸ் என்னும் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று பழைய வட்டை முதலிடத்தில் வைத்ததும் விண்டோஸ் எழுந்தது.

உங்கள் பொறி இப்படி நின்றுவிட்டால், முதலில் அது காட்டும் குறியைக் கவனியுங்கள். விசிறியே சுழலாவிட்டால் மின்கம்பி, பின்புற விசை, தாய்ப்பலகையின் 24 முனை இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள். விசிறி சுழன்று திரை இருண்டிருந்தால் ராம், அட்டை, செயலிக்குரிய தனி மின்னிணைப்பு ஆகியவற்றைச் சோதியுங்கள். பொறியில் சிறு ஒலிபெருக்கி இருந்தால் அது எழுப்பும் 'பீப்' ஒலிகளை எண்ணி, தாய்ப்பலகையின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். புதிய செயலியைப் பொருத்தியிருந்தால், பழைய பயாஸுக்கு அது தெரியாமல் இருக்கலாம். பயாஸைப் புதுப்பிக்க நேரும். தீய்ந்த வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தை எடுத்த பின்னரும் அதனுள் ஆபத்து தங்கியிருக்கும்.

அன்று மாலை கூலி உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டது. தமையனார் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. தாய்ப்பலகைக்கு ஆகியிருக்கும் செலவு மிஞ்சியது என்ற மகிழ்ச்சியோ என்னவோ! பையன் மறுநாள் அந்தப் பெரியவரைத் தேடிச் சென்று, தறியில் பழுது பார்ப்பதை அருகே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் உறுப்பை மாற்றினார். தறியை ஓட்டிப் பார்த்தார். பிறகுதான் அடுத்ததைத் தொட்டார்.