ஒலிவமலைச் சுவரில் தமிழ்



எங்கள் சபையின் வேதபாடக் குழுவோடு எருசலேம் போய்வந்ததைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெத்லகேமில் குனிந்தால்தான் நுழைய முடிகிற வாசல், கப்பர்நகூமில் கறுப்புக் கல் அடித்தளத்தின் மேல் நிற்கும் வெள்ளைக் கல் ஜெப ஆலயம், கலிலேயாக் கடலில் படகு. ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய அதிகாரத்தை நின்று வாசித்த பிறகே நகர்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னால் உங்கள் சாப்பாடு ஆறிவிடும். ஒரே ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் தயவுசெய்து கேளுங்கள்.

ஒலிவமலையில் பாட்டர் நோஸ்டர் ஆலயம் இருக்கிறது. இயேசு தம் சீடர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்த குகை அங்கேதான் என்பது மரபு. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்த ஆலயம் 614-இல் பாரசீகப் படையெடுப்பில் அழிந்தது. இப்போது அங்கே கார்மேல் சபைக் கன்னியர் மடம் இருக்கிறது. அதன் சுவர்களில் பரமண்டல ஜெபத்தை நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பீங்கான் ஓடுகளில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். கத்தோலிக்கர் பரலோக மந்திரம் என்பார்களே, அதேதான். தமிழும் அங்கே இருக்கிறது.

எங்கள் குழுவில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். வீட்டில் நல்ல தமிழ் பேசுகிறவன். அந்த ஜெபத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தமிழில் சொல்வான். தமிழ்ப் பலகையைத் தாண்டிப் போய், "தாத்தா, நம்மளுது எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் தமிழில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திக்கு, "பாட்டி, வாய்ஸ்ல அனுப்புங்க" என்று பேரன் பதில் போடுவதில்லையா? மார்கழியில் இங்கே தெலங்கானாவில் நம் பெண்கள் திருப்பாவையைத் தெலுங்கு எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுவதில்லையா? எங்கள் ஆராதனையிலும் பிள்ளைகளுக்காகப் பாட்டை ஆங்கில எழுத்தில்தான் திரையில் போடுகிறோம்.

அதற்குப் பின் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். செகந்திராபாத் மாரேட்பள்ளியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா அவன் கையைப் பிடித்துப் பலகைக்கு முன் நிறுத்தினார். "நீ சொல்லு, நான் தொட்டுக் காட்டுறேன்" என்றார். அவன் சொல்லச் சொல்ல அவர் விரல் எழுத்தின் மேல் நகர்ந்தது. இரண்டாம் முறை விரல் அவனுடையது. ஓரிடத்தில் நின்று, "இது 'க'தானே? மேலயும் இதே வந்துச்சே!" என்றான். வழிகாட்டி பேருந்துக்குக் கூப்பிட்டும் அவன் நகரவில்லை. காதில் ஏற்கெனவே இருந்த சொற்கள்தாம் அவனுக்கு எழுத்தைக் காட்டிக்கொடுத்தன.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். ஒன்பது ஆண்டுகளில், 1715-க்குள், புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது. அவர் காதில் தமிழே இருந்ததில்லை. நம் பிள்ளைகளுக்கோ வீட்டிலேயே தமிழ் ஒலிக்கிறது. பாதி வேலையைத் தாய்மார்கள் செய்து முடித்துவிட்டீர்கள். மீதிப் பாதியை ஏன் விட்டுவிட்டோம்?

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தெலங்கானாவில் தெலுங்கு கட்டாயம். இந்த மண்ணில் வாழ்கிறவர்கள் அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆங்கிலமும் இந்தியும் இருக்கின்றன. நான்காவதாகத் தமிழ் எழுத்தைப் பள்ளி சொல்லிக்கொடுக்கும் என்று காத்திருந்தால் நடக்காது. மதராஸ் பட்டாளத்தோடு லஷ்கருக்கு, அதாவது செகந்திராபாத்துக்கு, வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணையில் அதைக் காப்பாற்றி வந்தன. இன்று நமக்குத் திண்ணை இல்லை, நாம் கூடியிருக்கும் இந்தச் சங்கக் கூடம் இருக்கிறது.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இங்கே உட்காருவோம். அரிச்சுவடி பிறகு வரட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவரட்டும்: ஜெபமோ, திருப்பாவையோ, முருகன் பாட்டோ, சினிமாப் பாட்டோ. அதைப் பெரிய எழுத்தில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியது அப்பா அம்மா. எழுத்து மறந்துபோன அப்பா அம்மாவும் வாருங்கள், உங்களுக்கும் சேர்த்தே பாய் விரிக்கிறோம். செயலாளர் வாசலில் நோட்டோடு நிற்கிறார். பந்திக்குப் போகுமுன் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள், தமிழில்.