ஐந்தாவது பங்கு

பருத்தித்துறைத் தோட்டக் கிணறுகளிலே துலா மிதித்த காலம் மாறி, மின்மோட்டார் நீர் இறைக்கும் காலம் வந்துவிட்டது. மோட்டார் புறப்படும் கணத்தில் வழக்கத்திலும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பெரிய மோட்டாரில் அவ்வேகத்தை அடக்கிச் சீராக்குவது ‘ஸ்டார்ட்டர்’ என்னும் கட்டுப்பாட்டுக் கருவி.

குடும்பத் தொழிலுக்கும் அத்தகைய அடக்கம் வேண்டும். கோயம்புத்தூரிலே பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர், 1926ஆம் ஆண்டில் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்தனர். நான்கு பங்கு தமக்கு; ஐந்தாவது அறத்துக்கு. அவ்வறநிலையத்தின் தொழிற்கூடத்திலே மோட்டார்களும் பம்புகளும் உருவாயின. 1951இல் அதே வளாகத்தில் பொறியியற் கல்லூரியும் எழுந்தது. மாணவர் பட்டறையருகே கல்வி கற்றனர்.

பட்டறையை மக்களுக்கு விட்டுச்செல்வோர் பலர். ஆசையை அடக்கும் நெறியையும் உடன் விட்டுச்செல்வோர் சிலரே. வடமராட்சியிலே தந்தையின் பட்டறையை ஏற்கும் பிள்ளைகள், இயந்திரங்களோடு அந்நெறியையும் கேட்டுப் பெறுவார்களாக.