பெயருள்ள மணியும் இலக்கமுள்ள தகடும்



கண்டி மலைநகரில் வாழ்கின்ற ஒருவன் கப்பல் மணியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். கொழும்புக் கடல் இங்கிருந்து எழுபது மைலுக்கும் அப்பால் இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த நீர் மகாவலி கங்கையும் கண்டி வாவியும்தான். ஆனால் என் தகப்பனார் தோட்டத்து ஸ்டோரில் இயந்திரங்களோடு காலங்கழித்தவர். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, பழைய இரும்புச் சாமான், பித்தளைச் சாமான் எதையாவது கண்டெடுத்தவர்கள் அதைப் படம்பிடித்து, "ஐயா, இது என்ன?" என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் புகைப்படத்தைக் கடித உறையில் வைத்து அனுப்புவார்கள். இப்போது கைத்தொலைபேசியில் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடத்தில் பதிலையும் எதிர்பார்க்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் கலஹா பக்கத்திலிருந்து இப்படி ஒரு படம் வந்தது. வார்ப்பிரும்புச் சட்டம், அதற்குள் ஓர் உருளை. உருளையைச் சுற்றிச் செப்புத் தகடு. தகடு முழுவதும் அம்மைத் தழும்பு போலப் புடைப்புக்கள். பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம். படத்தை அனுப்பியவர் அதைத் தேங்காய் துருவும் இயந்திரம் என்று தீர்மானித்திருந்தார். அவருடைய நண்பர் ஒருவரோ, அது வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு இசைப்பெட்டியின் உருளை என்று சாதித்தாராம். உருவத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பேரையும் குறைசொல்ல முடியாது.

ஆனால் துருவுகிற பொருளுக்கு முனை கூராக இருக்க வேண்டும். இந்தப் புடைப்புக்களோ மழுங்கியவை. உருளைக்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டை; இரண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி. மேலே எதையோ கொட்டுவதற்கு ஒரு வாய். வந்து விழுகிற பொருளை அறுக்காமல், உடைக்காமல், அதன் தோலை மட்டும் பிதுக்கி எடுக்கிற ஏற்பாடு அது. கண்டிச் சீமையில் அப்படித் தோல் உரிக்க வேண்டியிருந்த பொருள் எது? கோப்பிப் பழம். அது கோப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரம்.

ஜோன் வோக்கர் என்பவர் 1854ஆம் ஆண்டில் இதே கண்டி நகரில் பொறியியல் தொழில் தொடங்கியதும் கோப்பித் தோட்டங்களுக்கு இத்தகைய இயந்திரங்களைச் செய்து கொடுப்பதற்காகத்தான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது வருடங்களுக்குள் கோப்பிப் பயிர் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறிவிட்டது. இயந்திரங்களோ எங்கே நின்றனவோ அங்கேயே துருப்பிடித்தன. நாலு தலைமுறை கடந்தபின் ஒருவர் அதைத் தேங்காய் துருவி என்கிறார். ஒரு தொழில் மறைந்தால் முதலில் மறைவது அதன் சொற்கள்; சாமான்கள் அதற்குப் பின்னும் வெகுகாலம் கிடக்கின்றன.

படத்தில் பொருளின் பாரம் தெரியாது, பின்பக்கம் தெரியாது, பக்கத்தில் ஒரு தீப்பெட்டியாவது வைத்துப் பிடிக்காவிட்டால் அளவும் தெரியாது. ஆகையால் நான் முதலில் தேடுவது தேய்மானத்தை. கை பட்ட இடம் வழுவழுப்பாக இருக்கும். கயிறு ஓடிய இடத்தில் பள்ளம் இருக்கும். நெருப்புப் பட்ட இடம் கறுத்திருக்கும். செய்தவன் எதற்காகச் செய்தான் என்பதை உருவம் சொல்லும். வைத்திருந்தவன் என்ன செய்தான் என்பதைச் சொல்வது தேய்மானம்தான்.

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001ஆம் ஆண்டு முதல் நூதனசாலையாக இருக்கிறது. அங்கே வைத்திருக்கும் பழைய ரோலர் ஒன்றின் முன் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்ததைக் கண்டேன். அறிவிப்புப் பலகையை அவர் பார்க்கவேயில்லை. "இதன் பெயர் தெரியுமா?" என்று கேட்டேன். "பேரு தெரியாதுங்க ஐயா. இந்த எடத்துல கை வச்சா கை போயிரும், அது தெரியும்" என்றார். எந்த விளக்கப் பலகையிலும் இவ்வளவு சரியான விளக்கத்தை நான் படித்ததில்லை.

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் வழங்கிய ஒரு பொருளும் இப்படித்தான் பலரை ஏமாற்றும். பெரிய வளையம், அதன் அடியில் ஒரு தோற்பை. படத்தில் பார்த்தால் நரம்பு அறுந்த டெனிஸ் மட்டைபோல இருக்கும். பைக்குள் இருப்பது வட்டமான உலோகத் தகடு. 'டெப்லட்' என்பார்கள். இரண்டு நிலையங்களுக்கிடையிலான தகடு கைக்கு வராமல் ஒற்றைப் பாதையில் சாரதி வண்டியை எடுக்க முடியாது. எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் 1878இல் உரிமை பதிந்த முறை இது. நேருக்குநேர் மோதலைத் தடுப்பதற்கு உள்ளங்கையளவு தகடொன்றை நம்பிய காலம் அது.

இனி அந்தக் கப்பல் மணிக்கு வருவோம். நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்றொரு மிஷனரி இருந்தார். அச்சுத் தொழில் தெரிந்தவர். எழுத்துக்களைப் பார்த்துப் பழகிய கண். 1836ஆம் ஆண்டளவில், அந்நாட்டின் வட பகுதியிலுள்ள வங்காரெய் என்ற இடத்துக்கு அண்மையில், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த பாத்திரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. வெண்கலம். கவிழ்த்துப் பார்த்தால் அது பாத்திரமல்ல, உடைந்துபோன ஒரு மணி. அதைச் சுற்றி ஏதோ எழுத்துக்கள். ஆங்கிலமல்ல, மாவோரி மொழியுமல்ல. பெருங்காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் அது கிடைத்ததாக அம்மக்கள் சொன்னார்களாம்.

அந்த எழுத்துத் தமிழ் என்று அறியப்பட்டபோது எவ்வளவு வியப்பு ஏற்பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலுடைய மணி என்பதே அதன் பொருள். கொலென்சோவின் விருப்பப்படி அது நூதனசாலையைச் சேர்ந்து, இன்று வெலிங்டனிலுள்ள 'தே பாப்பா' தேசிய நூதனசாலையில் இருக்கிறது. நானும் உங்களைப் போலப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த மணியை வைத்துக்கொண்டு நம்மவர்கள் சிலர் போகிற தூரத்தைப் பார்த்தால் கப்பலே தோற்றுவிடும். தமிழர்கள் ஐரோப்பியருக்கு முன்னரே நியூசிலாந்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறேன். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு ஐந்நூறு வருடப் பழமை சொல்வோரும் உண்டு. அவ்வளவு பழமை இல்லை என்போரும் உண்டு. எப்படியிருந்தாலும், மணி ஒரு கப்பலுக்கு உரியது என்பதற்குத்தான் எழுத்துச் சாட்சி. அந்தக் கப்பல் நியூசிலாந்துக்குப் போனது என்பதற்கு எழுத்துச் சாட்சியல்ல. மணி கைமாறியிருக்கலாம், வேறொரு நாட்டுக் கப்பலில் போயிருக்கலாம், ஆளில்லாத கப்பல் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். தமிழன் பெருமைக்கு இது குறைவு என்று நான் நினைக்கவில்லை. நிரூபிக்க முடியாத பெருமையைவிட, நிரூபிக்கக் கூடிய ஒரு பெயர் எனக்குப் போதும்.

அந்தப் பெயர்தான் எத்தனை சுவையானது! முகையதீன் என்றால் நம் நாட்டில் யாருக்குத் தெரியாது? முகைதீன் பெயர் தாங்கிய பள்ளிவாசல்கள் எத்தனை! பலாங்கொடைக்கு அப்பால் கூரகலையில் உள்ள ஜெய்லானி, அந்தப் பெரியாரின் நினைவாக யாத்திரிகர் செல்லும் இடம். வக்குசு என்பது பாரசீகத்துப் 'பக்ஷ்', அதாவது கொடை. பாரசீகச் சொல்லைத் தமிழ் நாவுக்கு ஏற்றபடி வளைத்து, தமிழ் எழுத்தில் வார்த்து, கப்பலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம் முதலான துறைகளிலிருந்து இலங்கைக்கும் மலாக்காவுக்கும் அச்சேக்கும் கப்பல் விட்ட தமிழ் முஸ்லிம்களின் வாழ்வு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கிழங்கு அவித்த பெண்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, சீனம், தமிழ், பாரசீகம் என்ற மும்மொழிகளிலும் எழுதிய கல் 1911இல் காலியில் எப்படிக் கிடைத்தது தெரியுமா? மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது! அதை மிதித்து நடந்தவர்கள் நாம்தான்.

மணிக்காவது பெயர் இருந்தது. இன்னொரு பொருளைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். சென்ற வருடம் புசல்லாவைப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு படம் அனுப்பினார். பக்கத்தில் பேனா வைத்துப் பிடித்திருந்தார், கெட்டிக்காரர். சிறிய வட்டத் தகடு. ஓரத்தில் ஒரு துளை. சில எழுத்துக்களும் இலக்கங்களும் அடிக்கப்பட்டிருந்தன. "ஐயா, இது வெள்ளைக்காரன் காலத்துக் காசா? விலை போகுமா?" என்று கேட்டிருந்தார்.

காசாக இருந்தால் அரசன் தலையோ பெறுமதியோ இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. துளையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வட்டமாக இல்லை. கயிறு இழுத்து இழுத்து மேற்பக்கம் நீண்டிருந்தது. நீண்ட நாள் தொங்கிய பொருள். அது தகர டிக்கட் என்று பதில் எழுதினேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்தபோது வழங்கிய முறை அது. 1904இல் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட இலங்கைத் தொழில் ஆணையகத்தின் காலத்தில் அது நிலைபெற்றது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகட்டைக் கழுத்திலோ கையிலோ கட்டிக்கொண்டு வர வேண்டும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கான அடையாளம். சுருங்கச் சொன்னால், பெட்டிக்கு ஒட்டுகிற சீட்டை ஆளுக்குக் கட்டினார்கள்.

கம்பளைக்கு அருகே பழைய லயன் ஒன்றில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலை இருக்கிறது. இத்தகைய பொருளுக்கு உரிய இடம் அதுதான். இளைஞருக்கு அதையும் எழுதினேன். அவர் மறுபடி கேட்டார்: "பேரு எங்கேயும் அடிச்சிருக்காதா ஐயா?"

"பின்பக்கத்தைப் படம்பிடித்து அனுப்புங்கள் தம்பி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

அன்று மாலையே படம் வந்தது. பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. உடம்பில் உராய்ந்து உராய்ந்து கண்ணாடிபோல ஆகியிருந்தது. தகடு அவருடைய பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்ததாம். "எங்க தாத்தா கழுத்துல கெடந்ததுப்பா" என்று சொன்ன பாட்டி, அந்தத் தாத்தாவின் பெயரையும் ஊரையும் சொல்லியிருக்கிறார். இளைஞர் அவற்றை ஒரு தாளில் எழுதி, தகட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இன்னொரு படமும் எடுத்து அனுப்பியிருந்தார். விலையைப் பற்றி அதன்பின் அவர் கேட்கவில்லை.