தைத்துக் கொடுப்பதும் தைக்கக் கற்பிப்பதும்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



பாஸ்கா காலத்தின் மூன்றாம் வாரச் சனிக்கிழமையன்று திருப்பலியில் வாசிக்கப்படும் முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. யோப்பா என்னும் கடற்கரை ஊரில் தபித்தா என்ற பெண் இருந்தார். கிரேக்க மொழியில் அவர் பெயர் தொற்கா. அவர் நோயுற்று இறந்துபோகிறார். பக்கத்து ஊரான லித்தாவில் இருந்த பேதுருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். பேதுரு மாடி அறைக்கு வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். அழுதுகொண்டே, தொற்கா உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த அங்கிகளையும் ஆடைகளையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

நம் ஊர் இழவு வீடுகளில் பெண்கள் இறந்தவரின் குணத்தைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள். யோப்பாவின் கைம்பெண்களோ சொன்னதோடு நிற்கவில்லை. துணியை விரித்தே காட்டினார்கள். தொற்காவின் மறையுரை அந்தத் தையலில் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பெண் சீடர்' என்று பொருள்படும் தனிச்சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது ஊசி பிடித்த இந்தத் தொற்காவுக்காகவே எழுதப்பட்டது.

ஆனால் இந்த வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். அந்தக் கைம்பெண்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள்? அன்பினால் கலங்கினார்கள், அதில் ஐயமில்லை. "இனி நமக்கு யார் தைத்துக் கொடுப்பார்?" என்ற கவலையும் அந்தக் கண்ணீரில் கலந்திருக்குமோ? புனித லூக்கா அதை எழுதவில்லை. தியானிக்கும்படி நமக்கு விட்டுவைத்திருக்கிறார்.

இந்தக் கேள்வி நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கிராமப் பங்கில், திருவிழாவன்று ஐந்து கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரம் வழங்கினோம். மாலை போட்டோம், படம் எடுத்தோம், கைதட்டினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து, நோயில் கிடந்த ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோன வழியில், அந்த ஐவரில் ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்தோம். இயந்திரம் சுவரோரம் நின்றது. அதன்மேல் ஒரு தண்ணீர்க் குடம் இருந்தது.

"ஏம்மா, தைக்கலையா?" என்று கேட்டோம்.

"ஊசி ஒடிஞ்சிட்டு சாமி. வேற ஊசி எப்படி மாட்டணும்னு தெரியல. எனக்குத் தைக்கவே தெரியாதே சாமி. தெரியுமான்னு அன்னைக்கு யாரும் கேக்கலையே."

அவர் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்குத்தான் சிரிக்க முடியவில்லை. இயந்திரம் வாங்கப் பணம் திரட்டினோம். அவரிடம் ஒரு கேள்வி கேட்க நேரம் திரட்டவில்லை. அன்று நாம் கொடுத்தது அவருடைய தேவைக்காகவா, நம்முடைய மனநிறைவுக்காகவா?

இந்தத் தவறு உலகெங்கும் நடக்கிறது, அன்பர்களே. 2008-ஆம் ஆண்டு கென்யா நாட்டில் ஓர் அநாதை இல்லத்தில், மாதவிடாய் நாள்களில் பள்ளிக்குப் போக முடியாமல் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த சிறுமிகளுக்கு உதவ அமெரிக்கப் பெண் ஒருவர் முன்வந்தார். முதலில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பஞ்சு அட்டைகளை வாங்கிக் கொடுத்தார்கள். எறிய அங்கே இடமில்லை. அப்போதுதான் அந்தப் பிள்ளைகளிடமே கேட்டு, துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி அட்டைகளைத் தைக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் தன்னார்வப் பெண்கள் அதற்காகத் தைக்கிறார்கள். அவர்களில் துண்டுத் துணிகளை ஒட்டிப் போர்வை தைக்கும் பெண்களும் உண்டு. தைத்து அனுப்புவதோடு நிற்காமல், அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே தைக்கக் கற்பித்து, அதை அவர்கள் தொழிலாக நடத்தவும் பயிற்சி தருகிறார்கள்.

இந்தச் செய்தியை நம் பேட்டைப் பங்கின் அன்பியக் கூட்டம் ஒன்றில் பகிர்ந்துகொண்டோம். கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் சிலர் ஒரு யோசனை சொன்னார்கள். தையற்கடைகளில் வெட்டி விழும் துண்டுத் துணிகளைச் சேர்ப்பது. பழைய சேலையை மடித்து அடியில் கொடுத்து, மேலே துண்டுகளை ஒட்டிக் குழந்தைகளுக்கு விரிப்புத் தைப்பது. திருவிழாக் கடையில் விற்பது. வரும் பணத்தை நம் ஊரைச் சேராத, நாட்டை விட்டு வந்த பெண்களுக்குத் தையல் கற்பிக்கச் செலவிடுவது.

உடனே ஒரு சகோதரி எழுந்தார். "சாமி, நம்ம தெருவுலயே பீடி சுத்திக் கை ஓஞ்சுபோன பொம்பளைய எத்தனை பேரு இருக்கோம். நம்ம பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்காம வெளியாளுக்கு எதுக்கு?"

நியாயமான கேள்வி. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கழிவு என்று ஒதுக்கப்படும் பீடிக்குக் கூலி கிடையாது. அப்படி வாழ்கிறவர் இப்படிக் கேட்பதில் தவறில்லை.

அதற்கு நாம் பதில் சொல்லுமுன் வயதான ஒரு தாய் பேசினார். "எங்க பாட்டி முளகுமூடு மடத்துல லேஸ் பின்னப் படிச்சவ. அந்தச் சிஸ்டர்மாரு எங்க ஊருலயும் ஏழைய இருக்காவளேன்னு நெனச்சிக் கப்பல் ஏறாம இருந்திருந்தா?"

கூட்டம் அமைதியாகிவிட்டது.

அந்தப் பாட்டியின் முளகுமூடு எது? இன்றைய குழித்துறை மறைமாவட்டத்தில் இருக்கும் ஊர். 1897-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெல்ஜியம் நாட்டிலிருந்து இரண்டு பெண்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் அன்னை மரிய லூயிஸ் தெ மெய்ஸ்தர், அப்போது அவருக்கு வயது நாற்பது. மற்றவர் இளம் நவகன்னியர் ஒருவர். ஈப்பர் நகரத்து மடத்தின் சுவர்களுக்குள் வாழ்ந்து வந்த அகுஸ்தினார் சபைக் கன்னியர் அன்னை மரிய லூயிஸ். கைவிடப்பட்ட குழந்தைகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்ற அழைப்பைக் கேட்டுப் புறப்பட்டு வந்தார். ஈப்பர் துணி வாணிகத்துக்கும் லேஸ் பின்னலுக்கும் பேர்போன நகரம். அந்த நாட்டின் கைத்தொழில் முளகுமூட்டின் அநாதைப் பெண்பிள்ளைகளின் விரலுக்கு வந்தது. அந்த இருவரின் பணியிலிருந்து ஒரு துறவற சபையே பிறந்து பல நாடுகளுக்குப் பரவியது.

அதற்கும் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே நம் பிரிந்த சகோதரர்களின் சபையில் இதே நடந்ததை நன்றியோடு சொல்லவேண்டும். 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த திருமதி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு ஒன்றில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை அது. திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். லேஸ் விற்று வந்த கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கியதாக அந்நாளைய மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு வந்தது 1855-இல்தான். சட்டம் வருமுன்பே நூல் வந்து அந்தக் கட்டை அவிழ்த்தது.

மார்த்தா அம்மையாரின் மகள் எலைசா. அவர் 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து நம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். தாயிடம் கற்றதை அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பனங்காட்டுத் தேரிமணலில் வளர்ந்த பிள்ளைகள் லேஸ் பின்னினார்கள். பாருங்கள், அன்பர்களே, ஒருவர் கற்பித்தது அவரோடு நிற்கவில்லை. ஆடையை ஒருவருக்குக் கொடுத்தால் அது அவரிடமே கிழிந்துபோகும். தொழிலைக் கொடுத்தால் அது அடுத்தவர் கைக்குப் போகும். யோப்பாவின் கைம்பெண்களைப் பற்றி நாம் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் தேவை. தொழில் கற்றுக்கொடுத்துவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. கண்வலிக்கப் பின்னியவள் கைக்கு வருவது சில காசு, கடையில் அது விற்பது பல மடங்கு என்றால், அங்கே நடப்பது தருமம் அல்ல. வேலையாள்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி ஆண்டவரின் செவி எட்டக் கூக்குரலிடுகிறது என்பது யாக்கோபு திருமுகத்தின் போதனை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ தம் சுற்றுமடலில் உழைப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தந்த 'இறைவா உமக்கே புகழ்' மடலில், ஏழைகளுக்குப் பணம் கொடுத்து உதவுவது அவசர காலத்துக்கான தற்காலிக வழியாகவே இருக்கவேண்டும், உழைத்து மாண்போடு வாழ வழிசெய்வதே நோக்கமாக இருக்கவேண்டும் என்று கற்பித்தார்.

அப்படியென்றால் பேட்டைத் தாய்மார்கள் தைக்கப்போகும் விரிப்பின் பணம் எங்கே போகவேண்டும்? கப்பலோ விமானமோ ஏறி அயல்நாட்டுக்குப் போகும் வசதி நமக்கு இல்லை. ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். நம் ஊருக்கு வடக்கே கங்கைகொண்டானில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983-க்குப் பின் போருக்கு அஞ்சி, உடுத்த துணியோடு கரையேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களில் இன்றும் வாழ்கிறார்கள். ஒரே மொழி பேசுகிறோம். ஆனாலும் அவர்கள் வேற்றுநாட்டினர் என்றே எண்ணப்படுகிறார்கள். அன்னியனாய் வந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்களா என்று ஆண்டவர் நம்மைக் கேட்கப்போவது இவர்களைப் பற்றியும்தான்.

ஆகவே நம் கூட்டத்தில் மூன்று காரியங்களை முடிவுசெய்தோம். முதலாவது, இயந்திரம் வாங்குமுன் போய் உட்கார்ந்து பேசுவது. அந்தப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாயால் கேட்பது. தையலே வேண்டாம், வேறொன்று வேண்டும் என்றால் அதையும் காதுகொடுத்துக் கேட்பது. இரண்டாவது, ஊசி மாற்றவும் எண்ணெய் விடவும் பட்டையை மாட்டவும் சேர்த்தே கற்பிப்பது. குடம் வைக்க இன்னோர் இயந்திரம் நமக்கு வேண்டாம். மூன்றாவது, விரிப்புத் தைக்கும் நம் பீடித் தொழிலாளச் சகோதரிகளுக்கு உழைப்புக்குரிய கூலியை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டுமே உதவிக்கு ஒதுக்குவது. இந்த மூன்றாவதைச் சொன்னவர், "வெளியாளுக்கு எதுக்கு?" என்று கேட்ட அதே சகோதரி. தன் வேதனையிலிருந்து அவர் கேட்ட கேள்விதான் நம்மை நேர்மையான வழியில் நிறுத்தியது.

கூட்டம் முடியும்போது இளம்பெண் ஒருவர், "சாமி, அங்க நம்மளவிட நல்லாத் தைக்கிறவங்க இருந்தா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். இருந்தால் நல்லதுதானே! அவர்களையே பேட்டைக்கு அழைத்துவந்து நம் பிள்ளைகளுக்கு ஆசிரியைகளாக உட்காரவைப்போம், அதற்குரிய சம்பளத்தையும் கொடுப்போம். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு போகவேண்டாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் வீட்டிலும் தூசி படிந்த தையல் இயந்திரம் ஒன்று இருக்கலாம். பீரோவுக்குள் துணித்துண்டுகள் இருக்கலாம். அவற்றைவிட மேலாக, உங்கள் விரலில் ஒரு தொழில் இருக்கலாம். இந்த வாரம் ஒருவரிடம் போய், "உனக்கு இது வேண்டுமா? கற்றுத் தரவா?" என்று கேளுங்கள். கேட்டபின் பதிலுக்குக் காத்திருங்கள்.

தொற்காவின் கதை எப்படி முடிகிறது? பேதுரு முழந்தாள்படியிட்டு மன்றாடினார். அவர் கண் திறந்து எழுந்து உட்கார்ந்ததும், பேதுரு கைகொடுத்து அவரை எழுந்து நிற்கச் செய்தார். ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த அந்தக் கைக்கும் ஒருநாள் வேறொரு கை தேவைப்பட்டது.

செபிப்போமாக. அன்புத் தந்தையே, ஏதேனில் வெட்கி நின்ற எம் முதற்பெற்றோருக்கு உம் கையாலேயே ஆடை செய்து உடுத்தினீர். ஊசியும் நூலும் பிடிக்கும் எல்லாக் கைகளையும் ஆசீர்வதியும். உழைப்பவரின் கூலியை நாங்கள் ஒருநாளும் பிடித்துவைக்காதபடி எங்களைக் காத்தருளும். நாடு விட்டு வந்தவர்களின் கதவருகே அமர்ந்து கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.