கையெழுத்துப் போடும் முன் கிலோமீட்டரைப் பாருங்கள்

(தொலைக்காட்சிப் பயனீட்டாளர் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பது என் வேலை. பதில் சொல்வது மற்றவர்களின் வேலை. இன்று ஏற்பாட்டாளர்கள் என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். காரணம் வேறொன்றுமில்லை. இந்தத் தலைப்பில் நான் பணத்தை விட்டவள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புதிய கார் வாங்குகிறோம். குடும்பமே ஷோரூமுக்குப் போகிறது. நிறத்தைப் பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள். பதிவு எண்ணின் கூட்டுத்தொகையை அப்பா பார்த்துவிட்டார். வங்கிக் கடனும் கிடைத்துவிட்டது. எல்லாத் தாள்களிலும் கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கும் நேரத்தில், விற்பனையாளர் இன்னும் இரண்டு தாள்களை நீட்டுகிறார். ஒன்று, வாரண்டியை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் திட்டம். மற்றொன்று, சர்வீஸுக்கு முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம். "அக்கா, ரெண்டு வருஷம் கூடுதல் வாரண்டி. மாசத்துக்கு 24 வெள்ளிதான் கூட வரும்" என்கிறார். ஒரு வேளை வெளியில் சாப்பிட்டால் ஆகும் செலவு. நாமும் தலையாட்டி விடுகிறோம்.

அந்த 24 வெள்ளி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இரண்டு ஆண்டு நீட்டிப்பின் விலை 2,000 வெள்ளி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதைக் கார் விலையோடு சேர்த்து 9 ஆண்டுக் கடனில் போடுகிறார்கள். நிலை வட்டி 3.5 விழுக்காடு என்றால் வட்டி மட்டும் 630 வெள்ளி. மொத்தம் 2,630 வெள்ளி. அதை 108 மாதத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த 24 வெள்ளி சொச்சம். காரின் முதல் ஐந்து ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளரின் உத்தரவாதமே இருக்கிறது. நாம் வாங்கும் நீட்டிப்பு ஆறாவது ஆண்டிலும் ஏழாவது ஆண்டிலும்தான் வேலை செய்யும். எட்டாவது, ஒன்பதாவது ஆண்டுகளில் முடிந்துபோன வாரண்டிக்கு மாதா மாதம் தவணை கட்டிக் கொண்டிருப்போம்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் வாங்கவே வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்காதீர்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை விலை மட்டும் முடிவு செய்யாது. நீங்கள் ஓட்டும் தூரம் முடிவு செய்யும். விற்பனையாளர் ஆண்டுக் கணக்கில் பேசுவார். கார் தேய்வதோ பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில்.

நம் நாட்டில் புரோட்டோன், பெரோடுவா கார்களுக்குப் பொதுவாக 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர் உத்தரவாதம். எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்துவிடும். டொயோட்டா, ஹோண்டா போன்றவை 5 ஆண்டுக்குக் கிலோமீட்டர் வரம்பில்லாமல் தருகின்றன. இதை மனத்தில் வைத்துக் கொண்டு மூன்று பேரைப் பார்ப்போம். மூவரும் வரம்புள்ள உத்தரவாதம் உடைய கார் வாங்கியவர்கள். மூவருக்கும் 7 ஆண்டு அல்லது 200,000 கிலோமீட்டர் வரை நீட்டிப்பு விற்கப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம்.

முதலாமவர் சிரம்பானில் குடியிருந்து கோலாலம்பூரில் வேலை செய்பவர். போகவர நாளுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 39,000 கிலோமீட்டர். நான்காவது ஆண்டு முடிவதற்குள்ளாகவே 150,000 வந்துவிடும். அப்போதே அவருடைய அசல் உத்தரவாதம் காலி. ஐந்து ஆண்டு தாண்டி ஓரிரு மாதத்தில் 200,000 வந்துவிடும். ஆக, "ஏழு வருஷம்" என்று காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது ஓராண்டு மூன்று மாதம். ஆனால் அது கார் அதிகம் தேய்ந்த காலம். பழுது வந்தால் இந்தக் குறுகிய காலத்தில் வரக்கூடும். நீட்டிப்பு அவருக்கு அசல் உத்தரவாதம் முடிந்த அன்றே தொடங்குகிறதா, இல்லை ஐந்தாண்டு முடிந்த பிறகுதானா என்று அவர் கட்டாயம் கேட்க வேண்டும். இரண்டாவது பதில் வந்தால் அந்தத் தாளால் அவருக்கு ஏறக்குறைய ஒரு பயனும் இல்லை.

இரண்டாமவர் தைப்பிங்கில் ஓய்வு பெற்ற ஆசிரியை. சந்தை, கோயில், பேரப்பிள்ளைகளின் பள்ளி. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர். நீட்டிப்பு தொடங்கும்போது கார் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். முடியும்போது 56,000. அந்த வயதில் பெரிய பாகம் பழுதாவது அரிது. அவர் காரில் போவது பேட்டரி, டயர், வைப்பர் ரப்பர். இவற்றைப் பொதுவாக எந்த நீட்டிப்பும் ஏற்காது. டீச்சரம்மா அந்தப் பணத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போகலாம்.

மூன்றாமவர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வருபவர். ஆண்டுக்கு 20,000. நீட்டிப்பு அவருக்கு 100,000 கிலோமீட்டரில் தொடங்கி 140,000 வரை ஓடும். ஏர்கோன் கம்ப்ரசர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், சில சமயம் கியர்பாக்ஸ், இவையெல்லாம் தலைவலி கொடுக்கத் தொடங்கும் பருவம் அது. மூவரில் இவருக்குத்தான் யோசித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. ஆனால் இவரும் பாக வரிசையைப் படித்த பிறகுதான் யோசிக்க வேண்டும். சில திட்டங்கள் "எஞ்சின், கியர்பாக்ஸ்" என்பதோடு நின்றுவிடும். அதில் ஏர்கோன் இருக்காது.

இ-ஹெயிலிங் ஓட்டும் தம்பிமார்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு ஒரு சொல். வாடகைக்கு ஓட்டும் காரை ஏற்காத உத்தரவாதங்களும், அதற்குக் காலத்தைக் குறைக்கும் உத்தரவாதங்களும் உண்டு. ஷோரூமில் உண்மையைச் சொல்லி, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு கிளைம் செய்யும்போது நினைவுக்கு வராது.

இனி என் கதை. நானும் நீட்டிப்பு வாங்கியவள்தான். ஆறாவது ஆண்டில் கியர் மாறும்போது கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. கையில்தான் வாரண்டி இருக்கிறதே என்று சிரித்துக் கொண்டே சர்வீஸ் மையத்துக்குப் போனேன். கணினியைப் பார்த்த அந்த ஊழியர், "மேடம், ஒரு சர்வீஸ் 1,400 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. கிளைம் ஆகாது" என்றார். அந்த மாதம் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக ஈப்போவிலும் பினாங்கிலும் படப்பிடிப்பு. இன்று போகலாம், நாளை போகலாம் என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். அதற்கு வந்த பில் 4,800 வெள்ளி.

அழுதுகொண்டே பணம் கட்டவில்லை. எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒரு சர்வீஸ் தாமதமானதற்கும் கியர்பாக்ஸ் பழுதானதற்கும் என்ன தொடர்பு என்று கடிதம் எழுதிக் கேட்டேன். கிளைமை மறுக்கும் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்றேன். மூன்று வாரம் பதிலில்லை. பிறகு "நல்லெண்ண அடிப்படையில்" உதிரிப்பாகத்தின் விலையில் பாதியை ஏற்பதாகச் சொன்னார்கள். காரணத்தை மட்டும் கடைசி வரை எழுதித் தரவில்லை.

அதன் பிறகுதான் என் ஒப்பந்தத் தாளை முதன்முறையாக முழுவதும் படித்தேன். எல்லா சர்வீஸும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் செய்ய வேண்டும் என்று இருந்தது. அப்போதுதான் இன்னொரு கணக்குப் புரிந்தது. நீட்டிப்பின் உண்மையான விலை 2,000 வெள்ளி அல்ல. ஐந்தாண்டு முடிந்ததும் பலர் தாமானில் உள்ள பட்டறைக்கு மாறிவிடுகிறார்கள். அங்கே செலவு குறைவு. நீட்டிப்பு வாங்கியவர் அப்படி மாற முடியாது. இன்னும் இரண்டாண்டு மையத்துக்கே போக வேண்டும். மையத்தின் பில்லுக்கும் பட்டறை பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த 2,000 வெள்ளியோடு கூட்டிப் பாருங்கள்.

அக்கரையில் இதைத் தட்டிக் கேட்டார்கள். வேறு பட்டறையில் சர்வீஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற நிபந்தனையைச் சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் ஆராய்ந்தது. அதன் தலையீட்டால் அங்குள்ள பெரிய கார் விநியோகிப்பாளர்கள் அந்த நிபந்தனையை நீக்குகிறார்கள் என்று 2017 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வெளிப் பட்டறையால்தான் பழுது வந்தது என்றால் மட்டும் மறுக்கலாம். ஜொகூரில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தவர்கள், அது இங்கே செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நம்மைக் கட்டுப்படுத்தும்.

முன்பணம் கட்டும் சர்வீஸ் திட்டத்தைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. இது பழுதைப் பற்றிய பந்தயம் அல்ல. எப்படியும் செய்யப் போகிற சர்வீஸுக்கு முன்னதாகப் பணம். ஆகவே கூட்டல் தெரிந்தால் போதும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு சர்வீஸுக்கும் உத்தேச விலைப் பட்டியல் வைத்திருக்கின்றன. கேட்டு வாங்கிக் கூட்டுங்கள். திட்டத்தின் விலை அதைவிடக் கணிசமாகக் குறைவாக இல்லாவிட்டால், நம் பணத்தை ஏன் அவர்களிடம் கொடுத்து வைக்க வேண்டும்? விலையேற்றத்திலிருந்து தப்பலாம் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2024 மார்ச்சில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் 40,000 கிலோமீட்டரில் வரும் பெரிய சர்வீஸ் திட்டத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்ன எண்ணெய் மாற்றங்களை மட்டும் அடக்கிவிட்டு, பெரியது வருவதற்கு முன் முடிகிற திட்டங்கள் உண்டு. காரை இடையில் விற்றால் மீதிப் பணம் என்னாகும் என்பதையும் கேளுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு நிலைமை வேறு. "ஓராண்டு வாரண்டி" என்று கடைக்காரர் தரும் தாளில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது? கார்த் தயாரிப்பாளரா, காப்புறுதி நிறுவனமா, பெயர் கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியா? அந்தக் கம்பெனி கடையை மூடினால் நம்மிடம் தாள்தான் மிஞ்சும். ஒரு கிளைமுக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் என்ற வரம்பும் இருக்கும். 8,000 வெள்ளி கியர்பாக்ஸுக்கு 3,000 வெள்ளி வரம்பு எதற்கு? பழைய ஐரோப்பியக் கார் வாங்கும் ஆசை உள்ளவர்கள், தயாரிப்பாளரே பின்னால் நிற்கும் நீட்டிப்பு கிடைத்தால் நிச்சயம் பரிசீலிக்கலாம். அந்தக் கார்களில் ஒரு பாகம் போனாலே நம் ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

இன்னொன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதே, அப்படி நீரில் நின்ற காருக்கு எந்த வாரண்டியும் உதவாது. அதற்குக் காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் 2,000 வெள்ளியை யோசிப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

கூடுதல் வாரண்டி இல்லாவிட்டால் நாம் அனாதைகள் என்று எண்ணவும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். இந்த உரிமையை ஒப்பந்தத் தாளில் எழுதி நீக்கிவிட முடியாது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். பாரம் நிரப்பும் முறையை எனக்குப் பின் பேச வரும் வழக்கறிஞர் ஐயா விளக்குவார்.

சரி, வாங்காவிட்டால் என்ன செய்வது? மாதம் 35 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஐந்தாண்டு முடியும்போது 2,100 வெள்ளி இருக்கும். ஒன்றும் பழுதாகாவிட்டால் அது உங்கள் பணம். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கணக்கில் பணம் இருந்தால் தீபாவளிக்கோ பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ எடுத்துவிடும் வீடுகள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான். திடீரென்று 5,000 வெள்ளி பில் வந்தால் கார் ஓடாது, கார் ஓடாவிட்டால் வேலைக்குப் போக முடியாது, கடன் தவணையோ நிற்காது என்ற நிலையில் இருப்பவருக்கு, கணக்கு கொஞ்சம் பாதகமாக இருந்தாலும் நீட்டிப்பு ஒரு பிடிமானம். அவரை நான் தடுக்க மாட்டேன். கடனில் சேர்க்காமல் ரொக்கமாகக் கட்டுங்கள், சர்வீஸ் தேதியைக் கைப்பேசியில் போட்டு வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். கார் எடுக்கும் அன்றே முடிவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. அசல் உத்தரவாதம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்க விடும் நிறுவனங்கள் இருக்கின்றன.

அடுத்த மாதம் என் தம்பி கார் எடுக்கிறான். கிள்ளான்காரன், ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவன். நீட்டிப்பில் ஏர்கோன் கம்ப்ரசர் அடங்குமா, ஒரு சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர் தாமதமானால் ஏற்பார்கள் என்று இரண்டே கேள்விகளை விற்பனையாளருக்கு எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. "அக்கா, ஷோரூமுக்கு நேரில் வாங்க, பேசிக்கலாம்" என்றுதான் இதுவரை பதில் வந்திருக்கிறது. எழுத்தில் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.