எல்லை திருந்தினால் கணக்குத் திருந்தும்
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



புதுக் கிணறு வேண்டுமென ஒவ்வோர் ஊரும் கேட்கின்றது. கிணறுகள் எங்கே நெருங்கியுள்ளன, எங்கே அருகியுள்ளன என்றறியாமல் இடம் குறித்தால், ஒருவர் தோண்டும் கிணறு அயலார் கிணற்றை வற்றச் செய்யும். இந்நெருக்கத்தைக் கணக்கிட ‘ஸ்பாட்ஸ்டாட்’ என்னும் விலையில்லா மென்பொருள் உண்டு. அதற்கு நாம் தரவேண்டியவை கிணறுகளின் இருப்பிடமும் ஊரின் எல்லையுமே. எல்லை பிழைத்தால் கணக்கு முழுவதும் பிழைக்கும்.

முதன்முறை நாமும் இடறினோம். கிழக்கு மேற்கைக் குறிக்கும் தீர்க்கரேகை எண்ணே முன்னர் வரவேண்டும். எல்லைப் புள்ளிகளுக்கு மட்டும் அட்சரேகையை முன்னர் இட்டுவிட்டோம். கிணறுகள் யாவும் ஊருக்கு வெளியே நின்றன!

இரண்டாவது, அளவு. கைப்பேசி காட்டும் எண்கள் பாகைகள். பாகை என்பது கோணம், நீளமன்று. 11ஆம் அட்சரேகையருகே வடக்குத் தெற்காக ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக 109.3 கிலோமீட்டர். ஆதலின் பாகைகளை முதலில் மீட்டராக மாற்றுதல் வேண்டும். உலகை 60 மண்டலங்களாகப் பகுத்த யூ.டி.எம். முறை இதற்கு உதவும். 78ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கேயுள்ள கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம். கிழக்கேயுள்ள மதுரை, திருச்சி, சென்னை 44ஆம் மண்டலம். எல்லைக்கும் கிணறுகளுக்கும் ஒரே மண்டலத்தைக் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, சுற்றும் திசை. ‘ஷேப்’ கோப்பில் ஊரெல்லை, கோயிலை வலம் வருவதுபோல் வலஞ்சுழியாகச் செல்லும். முதற்புள்ளி இறுதியில் மீண்டும் வரும். ஸ்பாட்ஸ்டாட்டுக்கோ இடஞ்சுழி வேண்டும். முதற்புள்ளி மீண்டும் வரலாகாது. ஊர் நடுவே ஏரியிருந்து, அதனைக் கணக்கினின்று நீக்க விரும்பினால், ஏரிக்கரையை மட்டும் வலஞ்சுழியாகத் தருதல் வேண்டும். இரண்டிலும் கணக்கிற்குரிய நிலம் நடப்பவரின் இடக்கைப் பக்கம் இருக்கும் என நினைவிற் கொள்க.

இவ்வேலையை நீங்களே செய்ய வேண்டுவதில்லை. ஆயினும் உங்கள் ஊர்க் கணக்கு மன்றத்துக்கு வரும்போது ஒன்று கேளுங்கள்: மென்பொருள் கூறும் பரப்பு, கிராமக் கணக்கிலுள்ள பரப்போடு ஒத்துள்ளதா? 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். ஏரியை நீக்கியிருந்தால் அதன் பரப்பையும் கழித்துப் பாருங்கள். பெரிதும் வேறுபட்டால் கிணற்றுக்கு இடம் குறிக்க ஒப்பாதீர்கள்.

எல்லைக் கல் நிற்கும் இடம் உங்களுக்கே நன்கு தெரியும். அவ்வறிவு கணக்கிலும் ஏறினால், தண்ணீர் உரியவர்க்குக் கிடைக்கும்.